பந்தலுக்கு வராத கருவண்டு

அன்பின் கஜந்தினிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் நோவு குறைந்ததா? அச்சுவேலி விவசாயச் சங்கத்தில் நீ தேனீப் பெட்டி வாங்கப் பெயர் கொடுத்ததாகச் சொன்னதிலிருந்து எனக்குப் பயம்.

இங்கே பக்கத்துக் காணியில் பெட்டிகளை இறக்கிய பிறகு, நான் வேலை செய்யும் பாஷன்பழக் கொடித் தோட்டத்துக்கு, பூவுக்குப் பூ மகரந்தம் சேர்க்கும் பெரிய கருவண்டுகள் வருவதில்லை. தேனீக்கள் சின்னன், சூல்முடியில் முட்டாமலே மகரந்தத்தை வாரிக்கொண்டு போகின்றன. பூக்கள் காய்க்காமல் உதிர்கின்றன. நாங்கள்தான் பூப்பூவாக விரலால் மகரந்தம் தடவுகிறோம்.

“வண்டின்ரை வேலையும் எங்கடை தலையிலை விழுந்திட்டுது” என்று என்னோடு வேலை செய்யும் யாகோப்பு அண்ணை பகிடி விடுகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் எங்களுக்கிருப்பது வீட்டடியிலுள்ள அந்த ஒரு பாஷன் பந்தல்தான்.

பெட்டி வேண்டாமென்று சொல்லிவிடு. வண்டு துளைத்துக் கூடு வைத்த முருங்கைக் கட்டையை அடுப்புக்கு வெட்டாதே. மிளகாய்த்தூள் அனுப்பு. மத்தியானம் பந்தலடியில் நின்று வண்டின் இரைச்சலைப் போனில் பதிந்து அனுப்பு. இரைச்சல் ஒன்றும் கேட்காவிட்டால், அதை என்னிடம் மறைக்காதே.

அவசரத்தில்,
தனோஜன்