இடது கால் மட்டும்

ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இன்பராஜ் குளித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஷர்மிளா, ஆம்பூர் ஷூ கம்பெனியில் இடது வலது பார்த்து ஜோடி சேர்ப்பவள், ஒரு ஷூ டப்பா மூடியில் அழுத்தி அழுத்தி எழுதினாள்.

"பூனா சைக்கிள் ரேஸுக்கு நான் போறேன். உங்களுக்குக் கட்டின புளிசோறு என் பையில இருக்குது. நீங்க பழைய சோறு போட்டுக்குங்க.

போன வருஷம் என்னையும் கூட்டிட்டுப் போறேன்னு ஆசை காட்டிட்டு, 'கம்பெனில ஆடிட்டு'ன்னு பொய் சொல்லி தோஸ்த்தோட கிளம்பிட்டீங்க. ரோட்டோரம் நின்னு நீங்க கத்துனத டிவில பாத்துதான் தெரிஞ்சிக்கிட்டேன். இந்த வருஷமும் உங்களுக்கு மட்டும் டிக்கெட்டு. அதான் நானே எனக்கு ஒண்ணு போட்டுக்கிட்டேன்.

ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்கு என் பின்னாடியே ஓடி வரலாம்னு பாக்காதீங்க. உங்க ஷூ, செருப்பு, பாத்ரூம் செருப்பு எல்லாத்துலயும் இடது கால எடுத்துக்கிட்டேன்."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, மூடியின் ஓரத்தில் பொடி எழுத்தில் நெருக்கிச் சேர்த்தாள்:

"வலது கால் எல்லாம் வாசல்ல வரிசையா இருக்குது. ஜோடி உட்டுட்டுப் போயிட்டா ஒத்தையா கிடக்கிறது எப்டி இருக்கும்னு அதுங்கள கேளுங்க."