கையை எண்ணி வாங்கிய லேத்

இன்று காலை லேத்தில் ஓர் எஃகுக் கம்பி தீர்ந்தது. மிச்சத் துண்டை எடுத்துத் துணியால் துடைத்தேன். ஒரு சாண் நீளம், இன்னும் லேசான சூடு, எண்ணெய் வாசனை. வழக்கம்போலத் தகர டப்பாவில் போட்டபோது டப்பா நிறைந்திருப்பதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப்பத்துக்கு, உங்கள் வீட்டுக்கு, எடுத்துப் போக வேண்டும். உன் நைனா அவற்றை நண்டு வலைக்குக் கனமாகக் கட்டுகிறார். "ஈயத்துக்கு இது மேலு" என்று கரையில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார்.

ஒவ்வொரு கம்பியிலும் ஒரு சாண் வீணாகும் என்பது நாம் இந்த லேத்தை வாங்கும்போதே தெரிந்ததுதான். அதைப் பற்றிக் கேட்டதும் விற்பனையாளர் முகம் கொஞ்சம் சுருங்கியது. நீதான் சிரித்துக்கொண்டு, "பரவால்ல சார், எங்க வூட்ல அதுக்கும் வேலை கீது" என்றாய்.

நாம் முதலில் பேசிக்கொண்டது சண்டையில். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலையில் நீ லேத் செட்டர், மெஷினில் டூல் பொருத்தி அளவு வைப்பவள்; நான் அளந்து பார்க்கிற மேசையில். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனான, விரல் நீளத்துக்கும் குறைவான எஃகுப் பின்கள். ஏதோ மருத்துவக் கருவிக்குள் போகிறவை. நீ அனுப்பிய தட்டு முழுவதையும் நான் திருப்பி அனுப்பினேன். மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வந்து நின்றாய்.

"இன்னாமே, உங்க ஊரு காட்டூர்ல எல்லாருக்கும் கண்ணு இப்டித்தான் தெரியுமா? ஒரு தட்டு மொத்தமும் தப்பா?"

மைக்ரோமீட்டரை உன்னிடம் நீட்டினேன். பத்துப் பின்களை நீயே அளந்தாய். எல்லாவற்றிலும் நுனி பருத்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் மைக்ரோமீட்டரைக் குறை சொல்லியிருப்பார்கள். நீ ஒரு பின்னை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "கம்பி நெளிஞ்சு குடுக்குது. என் மேலயும் தப்பு இல்ல, உன் மேலயும் தப்பு இல்ல. மெஷினு இதுக்கு ஆவாது" என்றாய். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். அதன் பிறகு அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரவில்லை.

சாதாரண லேத்தில் கம்பி ஓரிடத்தில் பிடிபட்டுச் சுற்றும். டூல் அதன் நீளத்துக்கு நகர்ந்து வெட்டும். கம்பி மெலிதாகவும் நீளமாகவும் இருந்தால், பிடியிலிருந்து எட்டி இருக்கும் நுனி டூலுக்கு விலகிக்கொள்ளும், சரியாக வெட்டுப்படாமல் பருத்து நிற்கும். ஸ்விஸ் வகை லேத்தில் கம்பிதான் ஒரு சிறு வளையத்தின் வழியாக முன்னால் நகர்ந்து வரும். டூல் அந்த வளையத்தை ஒட்டியே நின்று வெட்டும். இதை நான் புத்தகத்தில் படம் பார்த்துப் புரிந்துகொள்ள இரண்டு நாள் ஆயிற்று. நீ ஒரே மூச்சில் முடித்துவிட்டாய்: "சேத்துல கழி நடறப்போ மேலயா புடிப்பாங்க? ஆடும்ல? எறங்குற எடத்துக்குக் கிட்ட புடிக்கணும். அத்தான் இது."

தொழிற்சாலை அந்தப் பின்னைக் கைவிட்டபோது, நாம் செய்து தருகிறோம் என்று வாங்குகிறவரிடம் போய்ச் சொன்னது நீ. எனக்கு வாய் வரவில்லை. சரியான மெஷின் இருந்தால் மாதிரி அனுப்புங்கள், பார்க்கலாம் என்றார் அவர். இருவரும் வேலையை விட்டோம். அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய நெல் கிடங்கு வாடகைக்குக் கிடைத்தது. உன் ஊரை ஒட்டிப் பழவேற்காட்டிலேயே இடம் இருந்தும் நீ வேண்டாம் என்றாய். உப்புக் காற்று படவின் இஞ்சினை என்ன செய்யும் என்று சிறு வயதிலிருந்து பார்த்தவள் நீ. மிச்சமிருந்தது ஒரே ஒரு தேர்வு. நம்மால் ஒரு மெஷின்தான் வாங்க முடியும். அது பொருந்தாவிட்டால் இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

மெஷின் விற்கிற காட்சிக்கூடத்தில் இரண்டு ஸ்விஸ் வகை லேத்துகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று பெரியது. கட்டைவிரலைவிடத் தடித்த கம்பி வரை போகும், டூல்களும் அதிகம். மற்றது சிறியது, அடக்கமானது, சுண்டுவிரல் தடிமனோடு நின்றுவிடும். நான் பெரியதைப் பார்த்த உடனே முடிவு செய்துவிட்டேன். வாங்குவதுதான் வாங்குகிறோம், நாளைக்கு வேறு வேலை வந்தாலும் உதவுமே என்றேன். நீ இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தாய். விற்பனையாளர் ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த பளபளப்பான பின்களை வெல்வெட் துணியில் வைத்துக் காட்டினார். நீ அவற்றைத் தொடக்கூட இல்லை. நம் பையிலிருந்து நம் கம்பியை எடுத்து, "இத்தப் போட்டு வெட்டிக் காட்டுங்க சார்" என்றாய். இரண்டிலும் வெட்டச் சொன்னாய். நான் அளந்தேன். இரண்டிலும் நுனியும் அடியும் ஒரே அளவு.

அதற்குப் பிறகுதான் நீ அந்த விசித்திரமான காரியத்தைச் செய்தாய். பெரிய லேத்தின் கதவைத் திறந்து, "நீ கை வுட்டு அந்தக் கடைசி டூலக் கழட்டு" என்றாய். நீ என்னைவிட ஒரு தலை உயரம், செட்டரும் நீதான். ஆனால் என்னைக் கழற்றச் சொன்னாய். நான் குதிகாலைத் தூக்கி நின்றேன். எட்டவில்லை. விற்பனையாளர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "ஒரு ஸ்டூல் போட்டுக்கலாம் மேடம்."

"எண்ணெ சிந்தின தரையில ஸ்டூல் போட்டு நிக்க உங்க வூட்டம்மாவ அனுப்புவீங்களா சார்?"

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்துச் சின்னதில் செய்யச் சொன்னாய். எட்டியது. கம்பியை ஏற்றச் சொன்னாய். பெரியதன் நீளக் கம்பியை ஏற்ற அந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டும், இதற்கோ குட்டைக் கம்பி, நான் மட்டும் போதும். "ஒரே ஆளு, தொணைக்கு யாரும் இல்லாம, காலைல தொறந்து சாயங்காலம் மூட முடியுமா?" என்று அவரை மூன்று முறை மூன்று விதமாகக் கேட்டாய்.

ரயிலில் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பொன்னேரி நெருங்கும்போது பொறுக்க முடியாமல், "நான் குள்ளம்னு ஊருக்கே காட்டணுமா?" என்றேன்.

"லூசு. எங்க நைனா பெரிய படவ வித்துட்டு சின்னது வாங்குனாரு, தெரியும்ல? அண்ணன் மெட்ராசுக்கு வேலைக்குப் போனப்புறம். எல்லாரும் திட்டுனாங்க. அவரு சொன்னாரு, மொதல்ல கைய எண்ணு, அப்பறம் படவ வாங்கு."

"நமக்குத்தான் நாலு கை இருக்கே."

"ரெண்டுனு வெச்சுக்க."

"ஏன்?"

"ஷிப்டு போட மாட்டமா? நீ இருக்கப்போ நான் தூங்க வேணாமா?" என்று சொல்லி என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாய். நியாயமாகத்தான் இருந்தது. சிறிய லேத்தே வந்தது.

வந்த பிறகு நீ அதைத் தொட்டது குறைவு. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நீ போடு, நான் பாக்கறேன்" என்பாய். சோம்பேறி என்று உன்னைத் திட்டியிருக்கிறேன். "முதலாளின்னா அப்டித்தான்மே" என்று காலை ஆட்டுவாய். வாங்குகிறவர் நம் முதல் மாதிரிகளைச் சரி என்று சொன்ன அன்று மட்டும் எழுந்து வந்து மெஷினின் கதவில் உள்ளங்கையை வைத்து நின்றாய், படவு முகப்பில் உன் ஊர்க்காரர்கள் வைப்பதுபோல. அதற்குப் பிறகு உனக்கு ஆஸ்பத்திரி நாட்களே அதிகம்.

உன் கருமாதிக் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது உன் அம்மா வாசல்வரை வந்தார். "நீங்க மெஷினு பாக்கப் போனீங்களே, அதுக்கு மொத வாரமே, ரொம்ப நாளு இல்லனு டாக்டரு சொல்ட்டாருமா. உன்னாண்ட சொல்லக் கூடாதுனு என் தலைல அடிச்சு சத்தியம் வாங்கிட்டா."

பழவேற்காட்டிலிருந்து பஸ் ஏறி ஊர் வரும்வரை எனக்கு உன்மேல் கோபமாகத்தான் இருந்தது. இப்போதும் சில நாள் வரும். என்னிடம் சொல்லியிருக்கலாம்.

ஆனால் ஒன்று. நான் படித்த கதைகளில் நண்பர்கள் ஒருவருக்காக ஒருவர் எதையாவது விட்டுக்கொடுப்பார்கள். நீ எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்பு என்று சொல்லி எனக்கு மட்டமான மெஷினை வாங்கித் தரவில்லை. நம் கம்பியைப் போட்டு வெட்டிப் பார்க்காமல் என் உயரத்தை நீ கணக்கில் எடுக்கவே இல்லை. இதுவரை வந்த வேலைகளில் ஒன்றுகூட இந்த லேத்துக்குப் பெரியதாக இருந்ததில்லை. நீ நூறு வயது வாழ்ந்திருந்தாலும் அன்றைக்குச் சரியான தேர்வு இதுதான். இந்த நேர்மையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்து வியக்கிறேன். அந்த வாரத்தில் உனக்குத் தெரிந்திருந்த செய்தியோடு, எப்படி அவ்வளவு நிதானமாக இரண்டு மெஷின்களைச் சுற்றி வந்தாய்?

போன வாரம் அந்த விற்பனையாளர் போன் செய்தார். வேலை நன்றாக நடப்பதாகக் கேள்விப்பட்டாராம். "இப்பவாவது அந்தப் பெரிய மெஷின எடுக்கலாமே மேடம்?"

"கைய எண்ணிட்டுச் சொல்றேன் சார்" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

டப்பாவை மூடிவிட்டுப் புதுக் கம்பியை ஏற்றினேன். ஒரு டூல் மழுங்கியிருந்தது, கடைசியில் இருப்பது. கதவைத் திறந்து கையை உள்ளே விட்டேன். முழங்கை விளிம்பில் படிந்தது, விரல் திருகைத் தொட்டது. குனிந்து என் காலைப் பார்த்தேன். குதிகால் இரண்டும் தரையில் இருந்தன.