அழிக்கக் கூடாத படங்கள்

ஜூன் 26, வியாழன்

பால்காரர் இன்றும் இரண்டு பாக்கெட் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு பாக்கெட்டே எனக்கு மறுநாள் வரை வருகிறது. நாளை வாசலில் நின்று சொல்ல வேண்டும்.

டேப்லெட், எங்கள் வாயில் டேப், மறுபடி அதே பேச்சு. இடம் இல்லையாம். ஒரு வாரமாக இப்படித்தான். ஜெர்மனியிலிருந்து என் மகள் கமலி வீடியோவில் கூப்பிட்டால் மணி அடிக்கிறது. எடுத்தால் ‘புதுப்பிக்கவும்’ என்கிறது. புதுப்பிக்கப் போனால் ‘இடம் இல்லை’ என்கிறது. பரணில் ஏற ஏணி வேண்டும், அந்த ஏணியே பரண் மேல்தான் இருக்கிறது என்ற கதைதான்.

ஜூலை கடைசியில் குழந்தை பிறக்கும் என்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும். இல்லாவிட்டால் என் முதல் பேரக்குழந்தையை நான் எதில் பார்ப்பது?

ஜூன் 27, வெள்ளி

பால்காரரிடம் சொல்லிவிட்டேன். இன்று நான் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

ஜூன் 29, ஞாயிறு

கமலி பட்டன் போனில் கூப்பிட்டாள். குரல் மட்டும்.

“டேப்ல வாம்மா. வயித்தக் காட்டுறேன், எவ்ளோ எறங்கியிருக்குன்னு நீ பாத்துச் சொல்லு.”

“அதுல எடமில்லையாம்டி.”

“படத்தையெல்லாம் டெலிட் பண்ணும்மா. எத்தன தடவ சொல்றது?”

பின்னால் சம்பந்தியம்மா குரல் கேட்டது. “கமலி, கஞ்சி ஆறுது பாரு.” உடனே வைத்துவிட்டாள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று எங்கள் பக்கம் கேள்வியே கிடையாது. ஆனால் கமலி வரவும் முடியாது, ஒருவரைத்தான் அங்கே அழைக்கவும் முடியும் என்றாகிவிட்டது. “அத்தைக்கு ஏற்கெனவே வந்து பழக்கம்மா, குளிரு கிளிரு ஒத்துக்கும்” என்றாள். நான் ‘சரி’ என்றேன். கஞ்சியில் பூண்டு போட்டிருப்பார்களா? கமலிக்குப் பூண்டை நசுக்கிப் போட்டால்தான் பிடிக்கும். அதெல்லாம் யார் போய்ச் சொல்வது?

ஜூலை 1, செவ்வாய்

பஸ் பிடித்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போனேன். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் இந்த டேபுக்கு உறை வாங்கிய கடை, பரக்கத் அலி கடை. அவர் போய் இரண்டு வருஷம் ஆகியும் பரக்கத் அலி என்னை ஞாபகம் வைத்திருந்தார். டேபை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“அக்கா, உள்ள பூரா சாமிதான் இருக்காரு.”

இருப்பார். மூன்று பக்திக் குழுவில் இருக்கிறேன். தினம் விடிந்தால் நம்பெருமாள், தாயார், சக்கரத்தாழ்வார், உறையூர் நாச்சியார், எல்லாரும் ‘காலை வணக்கம்’ சொல்லிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தானாகவே உள்ளே தங்கியும் விடுகிறார்கள்.

“இதத் தூக்கிட்டாப் போதும்க்கா, பாதிக்கு மேல எடம் வந்துரும்.”

“எதுல தூக்குறது?”

கீழே மூலையில் இருந்த படத்தைக் காட்டினார். குப்பைத் தொட்டி. மூடி போட்ட தொட்டி.

“பெருமாளக் குப்பத் தொட்டியில போடச் சொல்றீங்களா தம்பி?”

சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். “அய்யோ, நான் போடச் சொல்லலக்கா! வழிதான் காட்டுறேன். என் கையால அழிக்கவும் மாட்டேன், நாளைக்கு ஆளுக்கொண்ணு பேசுவாங்க. நீங்க வீட்ல வச்சு நிதானமா பண்ணுங்க.” காசு வாங்கவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார்.

செய்முறை: படத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். டிக் விழும். பிறகு தொட்டியைத் தொட வேண்டும். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக இருக்கக் கூடாது.

ஜூலை 3, வியாழன்

ஒரு முறை வகுத்துக்கொண்டேன். சாமி படம் எதையும் தொடுவதில்லை. பிரசவ நேரம். இந்த நேரத்தில் பெருமாளிடம் வம்பு வைத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. ஆகவே மனுஷர்கள்தான் போக வேண்டும்.

முதலில் என் படங்கள். அது சுலபமாக இருந்தது. கண்ணை மூடியபடி ஒன்று, வாயில் கொண்டை ஊசியோடு ஒன்று, கமலி கல்யாணத்தில் யாரோ ஒருத்தியின் பின்னால் பாதி முகமாக ஒன்று. எல்லாம் தொட்டிக்குள். பிறகு எனக்குப் பெயர் தெரியாத கல்யாணங்கள், ரசீதுகள், அவர் எடுத்த மீட்டர் பெட்டிப் படங்கள்.

அப்டேட் போட்டுப் பார்த்தேன். இன்னும் இடம் போதவில்லையாம்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று ஏகாதசி. சமையல் இல்லை. பகல் நீளமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது அவர்தான்.

மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த பாத்திரக் கடையை விட்ட பிறகு அவர் கையில் எப்போதும் இந்த டேப்தான். முக்கொம்பில் மதகு திறந்த அன்று வெறும் தண்ணீரை மட்டும் எத்தனை படம்! ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். தண்ணீரை அழித்தேன்.

அவரே இருக்கும் படங்கள் கமலி எடுத்தவை. தோளில் துண்டு, “என்னை ஏன் எடுக்குறே” என்று கை நீட்டிக்கொண்டு. இட்லியை வாய்க்குக் கொண்டுபோகும்போது. பேப்பர் படிக்கிற மாதிரி தூங்கும்போது. அழுத்திப் பிடித்தேன். டிக் வந்து அவர் தோளில் உட்கார்ந்தது.

இவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் நாங்கள் பார்க்காத கோபமா? முகம் என் மனதில் இருக்கிறது, இயந்திரத்தில் எதற்கு — இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு தொட்டியைத் தொட்டேன். மாலையில்தான் தண்ணீர் குடித்தேன்.

ஜூலை 7, திங்கள்

புதுப்பித்துக்கொண்டது! கமலியைப் பார்த்தேன். முகம் ஊதியிருக்கிறது, மூக்கு அகலமாகிவிட்டது. எழுந்து நின்று பக்கவாட்டில் திரும்பிக் காட்டினாள். “எறங்கிடுச்சுடி, இன்னும் அதிக நாள் இல்ல” என்றேன். “நீ டாக்டரா?” என்று சிரித்தாள். சம்பந்தியம்மாவும் எட்டிப் பார்த்து, “சம்பந்தி, சாப்டீங்களா?” என்று கேட்டார். நல்ல மாதிரிதான். ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இன்று கோயிலில் ஜேஷ்டாபிஷேகம், பெருமாளுக்கு ஆனித் திருமஞ்சனம். காவிரியிலிருந்து யானை மேல் தங்கக் குடத்தில் தீர்த்தம் போனதைத் தெரு முனையில் நின்று சேவித்தேன். வீட்டுக்கு வந்தால் மூன்று குழுவிலும் அதே யானை, அதே குடம். கிடைத்த இடத்தில் பாதி போயிற்று.

ஜூலை 9, புதன்

எப்படி எழுதுவது?

கமலி பட்டன் போனில் கூப்பிட்டாள். எடுத்ததும், “அம்மா, அப்பா படமெல்லாம் என் போன்ல காணோம். நீ எதாச்சும் பண்ணுனியா?”

“நான் என் டேப்ல இருந்துதானடி எடுத்தேன். உன் போன நான் ஏன் தொடப்போறேன்?”

“ரெண்டும் ஒரே அக்கவுண்ட்மா! என்னுதத்தான் உனக்குப் போட்டுக் குடுத்தேன். அங்க அழிச்சா இங்கயும் போயிடும்.”

எடம் வேணுமேன்னு... என்று ஏதோ சொன்னேன்.

“சாமி படம் எத்தன அழிச்ச?”

டேபைக் கவிழ்த்து வைத்தேன்.

“ஒண்ணு கூட இல்ல, இல்லியா? அப்பாவத்தான் எடுத்துப் போட்டிருக்க. தெனம் அதப் பாத்துட்டுத்தாம்மா படுப்பேன். இங்க எனக்கு வேற யாரு இருக்கா?”

வைத்துவிட்டாள். நிறைமாசக்காரி, தேம்பித் தேம்பி அழுதாள். நான் அழ வைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

ரங்கா, பெருமாளே, என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

இன்றுதான் எனக்குத் தோன்றியது: போடுவதற்குத் தொட்டி இருந்தால் திறந்து பார்க்கவும் வழி இருக்க வேண்டுமே? குப்பைக்காரர் வரும்வரை எந்தத் தொட்டியிலும் குப்பை இருக்கத்தானே செய்யும்?

கடையைக் கூப்பிட்டுக் கேட்டேன். “இருக்கும்க்கா, ரெண்டு மாசம் போல நிக்கும். உங்க டேப்ல இல்ல, மக அக்கவுண்ட்ல. டேப்ல இருந்தே தெறக்கலாம்” என்றார் பரக்கத் அலி. அவர் சொல்லச் சொல்லத் தேடித் திறந்தேன். எதைத் தொட்டால் எது போகுமோ என்று விரல் ஓடவில்லை.

உள்ளே இருந்தார். துண்டோடு, இட்லியோடு. மதகுத் தண்ணீர் எல்லாம் அவரைச் சுற்றி. மீட்டர் பெட்டிக்கும் ரசீதுக்கும் நடுவில் அவரை நான் போட்டிருக்கிறேன். பெருமாளைப் போட மாட்டேன் என்றவள் கட்டியவரைப் போட்டிருக்கிறேன்.

ஒவ்வொன்றாய் மீட்டேன். மீட்க மீட்க இடம் மறுபடி நிறைந்தது. இப்போது வீடியோவைத் தொட்டால் திரை கறுத்து அப்படியே நின்றுவிடுகிறது. நிற்கட்டும்.

கமலிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை. போன் வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மாடியில் குடியிருக்கும் லூர்துராணி, தைத்த ரவிக்கையைக் கொடுக்க வந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். டேபை வாங்கிப் பார்த்தாள்.

“என்ன வள்ளிக்கா, சொர்க்கவாசலே தெறந்து கெடக்கு. மனுஷன் நுழைய எடம் இல்லியே.”

“சிரிக்காத லூர்து. எனக்குப் பயமா இருக்கு. புள்ள பொறக்குற நேரம்.”

சிரிப்பை நிறுத்தினாள். “எங்க கோயில்ல குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை மந்திரிச்சுக் குடுப்பாங்க. வருஷம் பூரா வீட்ல வச்சிருப்போம். காய்ஞ்சு போனா, தூக்கி எறிய மாட்டோம். கோயிலுக்கே கொண்டு குடுத்துருவோம், எரிச்சுச் சாம்பலாக்கி எங்க நெத்தியிலயே பூசுவாங்க. எறியிறது வேற, அனுப்பி வைக்கிறது வேறக்கா. பழைய காலண்டரு சாமிய நீங்க என்ன பண்ணுவீங்க?”

“ஆத்துல விடுவோம்.”

“அப்புறம் என்ன?” என்றாள். “ரவிக்க கை டைட்டா இருந்தா சொல்லுங்க.”

டேபை ஆற்றில் விட முடியுமா? விளக்கேற்றி வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். குளித்துவிட்டு டேபை மடிப்புக் குலையாத துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அம்மா மண்டபம் போனேன். காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போகிறது. கூட்டம் இல்லாத படியாகப் பார்த்துக் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு படமாகச் சேவித்தேன். மனதில் ‘போயிட்டு வாங்க’ என்றேன். பிறகு தொட்டேன். மூலையில் இருப்பதைத் தொட்டி என்று பார்க்காமல் தண்ணீர் என்று பார்க்கப் பழகிக்கொண்டேன். முதல் பத்துக்கு ஒவ்வொன்றாய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அப்புறம் இல்லை.

தர்ப்பணம் செய்துவைக்கும் புரோகிதர் ஒருவர் நின்று பார்த்தார். “என்னம்மா, இவ்வளவு நேரமா? யாருக்காவது திதியா?”

“இல்லீங்க சாமி. டேப்ல இடம் பண்றேன்.”

“படித்துறையிலா?”

“வீட்டுல வச்சுப் பண்ண மனசு வரலீங்க.”

தன் வேலையைப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது, “வெயில் ஏறுது, மண்டபத்து நெழல்ல ஒக்காந்து பண்ணுங்கோ” என்றார்.

உச்சி வரை ஆயிற்று. கடைசியில் தாயார் படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். வந்ததும், இனிப் படங்கள் தானாக உள்ளே தங்காதபடி செய்தேன். இது பரக்கத் அலி சொன்னது இல்லை, நானே தேடிக் கண்டது. வரும் படத்தைப் பார்ப்பேன், கும்பிடுவேன், அனுப்பிவைப்பேன்.

சோறு இறங்கியது.

ஜூலை 20, ஞாயிறு

வீடியோவில் வந்தாள்.

“அப்பா வந்துட்டாரும்மா” என்றாள்.

“ம்.”

“சாமியெல்லாம் எங்க?”

“ஆத்துல விட்டுட்டேன்டி.”

புரியாமல் பார்த்தாள். சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “எனக்காகவாம்மா?” என்றாள். வேறு யாருக்காக?

ஜூலை 27, ஞாயிறு

மருமகன் பேசினார். வலி கண்டிருக்கிறதாம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். நான் இங்கே. அவள் அங்கே. டேபையும் பட்டன் போனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 28, திங்கள்

பெண் குழந்தை. இருவரும் நலம். வீடியோவில் சம்பந்தியம்மா துணியை விலக்கிக் காட்டினார். “சம்பந்தி, உங்க நெத்திதான் பாருங்க” என்றார். அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. கலந்த சாதம் எல்லாம் தனி ஒருத்திக்குச் செய்வதா என்று தேங்காய்ச் சாதம் மட்டும். லூர்துராணிக்குக் கொஞ்சம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மத்தியானம் கமலி கூப்பிட்டாள். அங்கே காலை. தலை கலைந்து, கண்ணெல்லாம் தூக்கம்.

“அம்மா, அத்த கடைக்குப் போயிருக்காங்க. அவரு ஆபீஸ். நான் போய்த் தலைக்கு ஊத்திட்டு வந்துர்றேன். பாப்பாவப் பாத்துக்கிறியா?”

“நான் எப்படிடி...”

“பாத்துக்கோம்மா. முழிச்சா எனக்கு மிஸ்டு கால் குடு, போன உள்ள கொண்டு போறேன்.”

பேசிக்கொண்டிருந்த லேப்டாப்பைத் தொட்டில் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

குக்கரை இறக்கிவிட்டேன், விசில் அங்கே கேட்கும். மின்விசிறியை நிறுத்தினேன். பட்டன் போன் இடது கையில் இருக்கிறது, வலது கையால் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் நிமிர்ந்து பார்க்கிறேன். தூங்குகிறாள். வயிறு ஏறி இறங்குகிறது. அங்கே எங்கோ தண்ணீர் விழும் சத்தம்.

போர்வை கொஞ்சம் விலகியிருக்கிறது. கால் ஒன்று வெளியே வந்திருக்கிறது.

உதட்டைச் சுழிக்கிறாள். கை அசைகிறது. இனி எழுத முடியாது, பார்க்க வேண்டும்.