பேசாமல் ஆடிய ஆறு நாள்

14-5-84, திங்கள். அரியலூர்
காலை ஒன்பதுக்கே மண்டையைப் பிளக்கிற வெயில். பள்ளிக்கூட ஹாலில் பால்வாடி டீச்சர்கள் இருபது பேர். ஆறு நாள் ஒர்க்‌ஷாப்பாம். லாரி ரிப்பேர் பார்க்கிற இடத்துக்குத்தான் அந்தப் பெயர் என்று நினைத்திருந்தேன். தங்கல் பக்கத்து ஹாஸ்டலில். கொண்டுவந்தவை: பாய், சொம்பு, ஊறுகாய், புடவை இரண்டு (போதாது).

சொல்லிக்கொடுக்க மெட்ராஸிலிருந்து நளினி மேடம். கிராப்புத் தலை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உருண்டே காட்டினார். "இதுல அடவு கிடையாது, மனப்பாடம் கிடையாது. எதிர்ல இருக்கிறவங்க என்ன பண்றாங்கன்னு பார்த்து, அந்த நேரத்துல தோணுறத ஆடணும். உங்க குழந்தைங்க அப்படித்தானே ஆடுறாங்க?" நியாயம்தான்.

பிறகு சீட்டுக் குலுக்கி ஜோடி போட்டார். எனக்கு வந்த சீட்டில் விஜயா.

இருபது பேரில் அவள்தானா! எழுந்து ஊருக்கே போய்விடலாமா என்றிருந்தது.

15, செவ்வாய்
இட்லி கல். சட்னி பரவாயில்லை.

விஜயா என் ஓரகத்தி, இவருடைய அண்ணன் பெண்டாட்டி. குரும்பலூரில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். மூன்று வருஷமாகப் பேச்சில்லை. அவளோடு ஜோடி சேர்ந்து ஆட அரியலூர் வரை வரவேண்டுமா?

அவள் மகள் செல்வியின் சடங்கில் நடந்தது மேடத்துக்கு எப்படித் தெரியும்? சபையில் ஆலத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆசையாகப் போனேன். "நீ வேணாம். புள்ள பெத்தவ யாராவது எடுக்கட்டும்" என்று கையிலிருந்து வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தாள். ஊரே பார்த்தது. எனக்குக் கல்யாணமாகி அப்போது ஏழு வருஷம்.

இன்று குச்சி ஆட்டம். மூங்கில் குச்சியின் ஒரு முனை அவள் விரலில், மறு முனை என் விரலில். கீழே விழாமல் ஹால் முழுக்க ஆட வேண்டும். பேசக்கூடாது. பேசாமல் இருப்பதில் எங்களை யார் ஜெயிக்க முடியும்? மற்றவர்கள் "இப்படி வாங்க டீச்சர், குனியாதீங்க" என்று கிசுகிசுத்தே குச்சியை விட்டார்கள். எங்கள் குச்சி விழவில்லை. ஊர்க் குழாயடியில் அவள் வருகிற சத்தம் கேட்டுக் குடத்தோடு விலகி விலகி, அடுத்த அடியை எங்கே வைப்பாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

மேடம்: "நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நாள் சிநேகிதமா?"

தா.பழூர் மேரி டீச்சருக்கு எங்கள் கதை தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

16, புதன்
முதுகோடு முதுகு சாய்த்து உட்கார்ந்து எழுவது. முட்டி வலி. வி. கொஞ்சமும் பாரம் தரவில்லை. நானும்தான். இரண்டு பேரும் விறைத்துக்கொண்டு எழுந்தோம்.

அப்புறம் ஒரு கூத்து. ஆட்டத்தில் ஒருவர் கால் இன்னொருவர் மேல் படாமல் இருக்குமா? பட்டதும் ஆட்டத்தை நிறுத்தி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். இருபது பேரும்! இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஹாலே குனிந்து நிமிர்ந்தது. மேடம் தலையில் கையை வைத்து உட்கார்ந்தார். கடைசியில், "சரி, அதையும் ஆட்டத்துல சேர்த்துக்குங்க" என்றார். அதற்கப்புறம்தான் ஆட்டம் ஆட்டமாக இருந்தது.

வி. மேரியிடம்: "அங்க நிக்கிறவங்கள முந்தானைய நல்லா செருவிக்கச் சொல்லுங்க டீச்சர். தடுக்குது."
நான் மேரியிடம்: "செருவியாச்சின்னு சொல்லுங்க."
மேரி: "நான் என்ன தபால்காரியா?"

17, வியாழன்
ராத்திரி துவைத்த புடவை காயவில்லை. ஊறுகாய் காலி (மேரி).

கூட்ட ஆட்டம். எல்லோரும் கலந்து நடக்க வேண்டும். யாருக்குத் தோன்றுகிறதோ அவர் விழலாம், பக்கத்தில் இருப்பவர்கள் தாங்க வேண்டும். குண்டு ராஜம் டீச்சர் நாலு தடவை விழுந்தார், சந்தோஷமாக. நான் விழவில்லை.

"ஏன் மலர்?"
"பழக்கமில்லைங்க மேடம்."

அவர் வற்புறுத்தவில்லை. அதற்கே அவரைக் கும்பிடலாம்.

18, வெள்ளி
எழுதிவிட வேண்டும்.

டேப்பில் வெறும் புல்லாங்குழல். "கையில ஏதோ ஒரு பொருள் இருக்கு. என்னன்னு யோசிக்காதீங்க, கை சொல்லும்." மற்றவர்கள் வட்டமாக நிற்க, ஒவ்வொரு ஜோடியாக நடுவில். நான் எதையும் நினைக்கவில்லை, சத்தியமாக. இரண்டு கையும் தானாக ஏந்திக்கொண்டு நெஞ்சுயரத்துக்கு வந்தன. பார்த்தால் தட்டு. நிறுத்த முடியவில்லை. ஏந்திக்கொண்டே நடந்தேன்.

எதிரில் வி. பார்த்தாள். புரிந்துவிட்டது; அவள் முகமே போய்விட்டது. நேராக என்னிடம் வந்தாள். வாங்கிவிடுவாள் என்று கை இறுகியது. அவள் வாங்கவில்லை. என் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள். அப்படியே இரண்டு பேரும் மூன்று சுற்று சுற்றினோம். கடைசிச் சுற்றில் நான் சாய்ந்துவிட்டேன். பாரம் முழுக்க அவள் மேல்தான் போயிருக்கும்.

அழுதேன். ஹாலில் பாதிப் பேர் அழுதார்கள், எதற்கென்று தெரியாமலே.

குழாயடியில் முகம் கழுவும்போது வி.யும் முகத்தில் சோப்போடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"மலரு. அன்னிக்கி எங்க அத்த சொல்லித்தான்…" நிறுத்திவிட்டாள். "இல்ல. யாரும் சொல்லல. நாந்தான் புடுங்குனேன்."

கோபம் வந்தது, கொஞ்சம். பொய் சொல்லியிருந்தால் நிறைய வந்திருக்கும்.

"மூஞ்சியக் கழுவுங்க. சோப்பு காயுது" என்றேன். மூன்று வருஷத்துக்கு அப்புறம் பேசிய முதல் பேச்சு இதுதானா!

19, சனி. குரும்பலூர்
மத்தியானத்தோடு முடிந்தது. மேடத்துக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு மல்லிகைப் பந்து. கிராப்பில் எங்கே வைப்பது? மேரி ஹேர்பின் குத்திச் சாதித்துவிட்டாள். நன்றி சொல்லப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல மனுஷி, எங்கிருந்தாலும் நன்றாயிருக்கட்டும். அந்தச் சீட்டைக் குலுக்கிய கையும்.

பெரம்பலூரில் பஸ் மாறி, வீடு வர ஐந்து மணி. குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது: குச்சி ஆட்டம், நிழல் போலச் செய்வது, தாங்கிப் பிடிப்பது. அரிசி புடைக்க வேண்டும்.

இவர் டீயை ஆற்றிக்கொண்டே, "தனியாவா வந்த?" என்றார்.

"அக்காகூட."

"எந்த அக்கா?"

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டுகிற சத்தமும் நின்றுபோனது.

"எனக்கு எத்தன அக்கா இருக்காங்க?" என்றேன், அங்கேயும் கேட்கிற மாதிரி.