வக்கீல் கழுத்துக்கு என்ன செலவு?

மார்ச் 3
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நகராட்சி அலுவலகத்தில் துப்புரவுப் பெண்கள் நாங்கள் உடை மாற்றும் அறைக்குக் கதவு கிடையாது. உள்ளே இருப்பவள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டுதான் பூட்டு. இன்று எனக்கு இரண்டாவது அடி மறந்துபோனது. யோசித்து நின்ற நேரத்தில் பல்பு மாற்றும் அண்ணன் ஏணியோடு உள்ளே வந்துவிட்டார். நான் அரைகுறையாக நிற்கிறேன். "அய்யோ தாயே!" என்று அலறியது அவர். ஏணியைப் போட்டுவிட்டு ஒரே ஓட்டம்.

மார்ச் 4
கதவு கேட்டு எட்டு மாதம் ஆச்சு. நகராட்சி அதிகாரியிடம் போய் நின்றேன். எதற்கும் "ஆகட்டும்" என்பார், அதனால் எங்களுக்கு அவர் ஆகட்டும் சார். "ஒப்பந்த ஆளுங்களுக்கு நாங்க கதவு போடலாமான்னு வக்கீல்கிட்ட கருத்து கேட்டிருக்கோம்மா" என்றார். இது மூன்றாவது வக்கீல். முதலாமவர் போடலாம் என்றாராம். இரண்டாமவரும் போடலாம் என்றாராம். வேண்டாம்னு ஒருத்தர் சொல்ற வரைக்கும் கேப்பாங்களோ? யார் காசு? நான் வாங்குற சோப்புக்கும் வரி கட்டுறேனே!

மார்ச் 6
வக்கீல் கருத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மனு எழுதினேன். நானே, என் கையால்.
"வேலைக்கு உலை வைக்காதடி" என்றார் வீட்டுக்காரர்.
"இந்த வீட்ல வேற யாரு உலை வைக்கிறா?" என்றேன்.

ஏப்ரல் 5
பதில் வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் சுத்தம். 'தாங்கள் கோரியுள்ளபடி, வக்கீல் கழுத்துக்கென இவ்வலுவலகத்தில் செலவு ஏதும் செய்யப்படவில்லை.'
மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, கருத்துன்னு எழுதாம கழுத்துன்னு எழுதியிருக்கே!"
நாலாவதோடு நின்றவள், ரு-வும் ழு-வும் எனக்குச் சில நேரம் மாறிவிடும். ஆனால் இத்தனை படித்தவர்களுக்கு அது புரியவில்லையா? புரிந்திருக்கும். என் தப்பெழுத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்கள்.
திருத்தித் தரட்டுமா என்றாள். வேண்டாம். இருக்கட்டும், இந்தக் கழுத்துக்கு வேலை இருக்கு.

ஏப்ரல் 19
நகர்மன்றக் கூட்டம். பொதுமக்கள் மூன்று நிமிடம் பேசலாம். பதிலை எழுத்துக்கூட்டி வாசித்தேன். "கழுத்துக்குச் செலவே இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. அப்போ எங்க கழுத்தை அறுக்கிறதெல்லாம் ஓசியிலயா?"
கூரை பறக்கச் சிரிப்பு. தலைவியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எவ்வளவுன்னு சொல்லுங்க" என்றார்.
ஆகட்டும் சார் எழுந்தார். "அதை வெளியில சொல்லலாமான்னு வக்கீல்கிட்ட ஒரு கருத்து..."
"கழுத்து!" என்று பின்வரிசையிலிருந்து பல்பு அண்ணன்.
கடைசியில் கணக்குப் பிரிவு அம்மா வாசித்தார். மூன்று பேருக்கும் கொடுத்ததில் நாற்பத்தோரு கதவு வாங்கலாம். எங்களுக்கு வேண்டியது ஒன்று.

ஏப்ரல் 20
என்னைக் குப்பைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். "வாய்தான் இருக்கே, அங்க போய்ப் பேசு" என்றார் மேற்பார்வையாளர். போனேன். பேசினேன். ஈக்கள் கவனமாகக் கேட்கின்றன.

ஏப்ரல் 27
வாசம் போகவில்லை. வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் படுக்கிறார். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். எழுத வராது என்று சொல்லிவிட்டேன்.

மே 4
பழைய இடத்துக்கே வரச் சொல்லிவிட்டார்கள்! கேள்வி கேட்டவளை எதற்கு மாற்றினீர்கள், அதற்கும் வக்கீல் கழுத்து வாங்கினீர்களா என்று பல்பு அண்ணன் மனு போட்டிருக்கிறார். அவர் பத்தாவது படித்தவர். வேண்டுமென்றேதான்.
இனி எந்த வக்கீலுக்கு எதற்கு எவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டுமாம், தலைவியம்மா உத்தரவு. ஒட்டிய முதல் தாளின் மேலே யாரோ பென்சிலில் 'கழுத்துப் பட்டியல்' என்று எழுதியிருக்கிறார்கள். நான் இல்லை. எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதே.

மே 11
காலை பத்து மணிக்குக் கதவு வந்தது. தாழ்ப்பாள் சரியா என்று தானே பார்ப்பதாக ஆகட்டும் சார் உள்ளே போய்ப் போட்டார். நன்றாக விழுந்தது. திறக்கவில்லை. "கதவை உடைங்கம்மா!" என்றார். உடைக்கலாமா என்று வக்கீலிடம் கேட்க வேண்டும் என்றேன். பல்பு அண்ணன் ஏணி கொண்டுவந்தார். ஏறிப் போக ஜன்னல் இல்லை, ஏணி தேவைப்படவில்லை. பன்னிரண்டரைக்குத் தச்சர் வந்து திறந்தார். அதுவரை சார் பாடவில்லை. உள்ளே ஆள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.