ஒரே கட்டத்தில் இரண்டு எண்

பிப்ரவரி 6, திங்கள்

பசுமைக்குடிலில் வெளிச்சம் போதவில்லை என்று பராமரிப்புப் பிரிவுக்கு எழுதி மூன்று வாரம். இன்று மின்பணியாளர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "எல்லா விளக்கும் எரியுதே மேடம்" என்கிறார். எரிகிறது. வெளிச்சம் இல்லை. இதை எந்த மொழியில் சொல்வது?

நாளை மதிப்பெண் போடும் வேலை தொடங்குகிறது. அறுநூற்றுப் பன்னிரண்டு வரிசை கோதுமை நாற்று. ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு செடி. ஒவ்வொரு வரிசையும் விதை வங்கியின் ஒரு பொட்டலம். எங்கெங்கோ விவசாயிகளின் நிலத்திலிருந்து ஒரு காலத்தில் சேகரித்த பழைய வகைகள். எல்லாவற்றின் மேலும் துரு நோய்ப் பூஞ்சையைத் தெளித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. எது தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று இலை இலையாகப் பார்க்க வேண்டும். இலை சுத்தமாக இருந்தால் பூஜ்யம். ஊசிமுனை அளவுக்கு வெளிறிய புள்ளிகள் மட்டும் இருந்தால் ஒன்று: பூஞ்சை நுழைந்த இடத்தைச் செடியே சாகடித்து அதைப் பட்டினி போட்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் கொப்புளம். நாலு என்றால் விரலில் பழுப்புப் பொடி அப்பிக்கொள்ளும்.

விதிப்படி இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இன்னொருவர் நாலு மாதம் முன்பு வந்த ஒப்பந்த உதவியாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். இலையை மூக்கில் உரசுகிற மாதிரி வைத்துப் பார்ப்பதால் 'பூதக்கண்ணாடி' என்று பேர் வாங்கிவிட்டார். காதுபடவே கூப்பிடுகிறார்கள். சிரித்துக்கொள்கிறார்.

பிப்ரவரி 7, செவ்வாய்

நான் இருநூற்றுப் பத்து வரிசை முடித்தேன். பூதக்கண்ணாடி முப்பத்தெட்டு.

பிப்ரவரி 8, புதன்

நான் முழுவதையும் முடிக்கப் போகிறேன். அவர் தொண்ணூறைத் தாண்டவில்லை. ஒரு நாற்றோடு அப்படி என்னதான் பேசிக்கொண்டிருக்கிறார்? கழுத்தறுப்பு.

பிப்ரவரி 9, வியாழன்

இன்று நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

காலையில் அவருடைய தாளை வாங்கிப் பார்த்தேன். பாதிக் கட்டங்களில் இரண்டு எண். 64-ஆம் வரிசையில் '1' என்று எழுதி, பக்கத்தில் '3', அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'எட்டு செடி, நாலு செடி'. கணினிப் படிவத்தில் ஒரு வரிசைக்கு ஒரு கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு எண். நான் வைத்த விதி இல்லை, படிவம் வைத்த விதி. அதைத்தான் சொன்னேன்.

"மேடம், இந்த வரிசையில எட்டுச் செடி நல்லா தாங்குது, நாலு தாங்கல. நான் எதை எழுதட்டும்?"

"சராசரி போடுங்க."

"சராசரிச் செடி எதுன்னு காட்டுங்க மேடம். அதையே எழுதிடறேன்."

திமிராகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். உண்மையிலேயே காட்டச் சொல்கிற மாதிரி நின்றார்.

இது பரவாயில்லை. மதியம் கலப்புப் பிரிவுத் தலைவி வந்தார். என்னுடைய பூஜ்யப் பட்டியலை வைத்துத்தான் அவர் ஒரு வகையின் பூவோடு இன்னொன்றைக் கலக்கும் ஒட்டுச் சேர்க்கையே செய்கிறார். போன வருஷமும் இந்த வருஷமும் நான் பூஜ்யம் போட்ட வரிசைகள் பதினொன்று. இரண்டு வருட உழைப்பு. தாளை அவர் கையில் கொடுக்கிற நேரத்தில் பின்னாலிருந்து குரல்: "மேடம், இந்தப் பதினொண்ணையும் நான் முதல்லயே பார்த்துட்டேன். நாலுல சின்னக் கொப்புளம் இருக்கு. ரெண்டுல ஒண்ணுமே இல்லதான், ஆனா அது ஓரத்துல இருக்கற நாற்றுத் தட்டு. தெளிப்பே சரியா விழுந்திருக்காது. நோய் வராத செடிக்கும் நோயைத் தாங்கின செடிக்கும் வித்தியாசம் இருக்கு இல்லையா?"

எனக்கு! பதினெட்டு வருஷமா துரு பார்த்துட்டு இருக்கறவளுக்கு நோய்க்கும் தாங்குறதுக்கும் வித்தியாசம் சொல்லிக் குடுக்கறார்.

அந்த அம்மாள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க" என்று போய்விட்டார்.

பிறகு தட்டை வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கொப்புளமும் இல்லை. வழவழவென்று பச்சை இலை.

பிப்ரவரி 10, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். "மேற்படி உதவியாளரின் பதிவுகள் நம்பத்தகுந்தவையாக இல்லை. இல்லாத அறிகுறிகளைப் பதிவு செய்கிறார். படிவத்தின் விதிகளைப் பின்பற்ற மறுக்கிறார்." மூன்று வாக்கியம். இயக்குநர் படித்துவிட்டு, அவருடைய ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது, நீட்டிக்காமல் விட்டால் போயிற்று, அதுவரை விதைக் கிடங்குக்கு அனுப்பிவிடலாம் என்றார். நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆதாரத்துக்குப் படம் வேண்டுமாம். பதினொரு வரிசையையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

அவர் மூன்று மணிக்கே கிடங்குக்குப் போய்விட்டார். மேசை மேல் மீதித் தாள்களை வரிசை எண்படி அடுக்கி, பறக்காமலிருக்க மேலே ஒரு கல் வைத்திருந்தார்.

பிப்ரவரி 11, சனி

வீட்டில் எல்லோரும் எனக்கு எதிர்க்கட்சி. நடந்ததைச் சொன்னால், கணக்கு வாத்தியாரான என் வீட்டுக்காரர் சராசரிச் செடி என்ற இடத்தில் சிரிக்கிறார். "அந்த ஆளு சரியாத்தானே கேட்டிருக்கார்." இவரிடம் யார் கேட்டார்கள்?

இருமல் மருந்து எவ்வளவு குடிக்க வேண்டும் என்று புட்டியில் படிக்க முடியவில்லை. இப்போதெல்லாம் எதை எடுத்தாலும் எறும்பு ஊர்கிற மாதிரி அச்சடிக்கிறார்கள். மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன்.

சாயங்காலம் அதே மகள். இயக்குநருக்கு அனுப்பப் படங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்தவள் கையை நீட்டி ஒரு படத்தைப் பெரிதாக்கினாள்.

"அம்மா, இந்த இலை மேல என்ன உப்புத் தூவின மாதிரி?"

"கேமரால தூசி."

"தூசி இலை மேல மட்டும் எப்படிம்மா விழும்? சுத்தி எங்கயும் இல்ல பாரு."

அடுத்த படத்தைப் பெரிதாக்கினாள். அதில் உப்பு இல்லை. பழுப்பாக, குட்டிக் கடுகு மாதிரி, சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு... பதினெட்டு வருஷமாகப் பார்க்கிற கொப்புளத்தை ஓர் அடி அகலத் திரையில் பார்த்தால் எனக்குத் தெரியாமல் போகுமா?

"போய்ப் படி" என்றேன். அவள் விடுமுறை நாளில் எதைப் படிப்பாள்.

பிப்ரவரி 12, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் பசுமைக்குடில். காவலாளி விசித்திரமாகப் பார்த்தார். என் இழுப்பறையின் அடியில், துருப்பிடித்த கிளிப்புகளுக்கு நடுவே, கைலென்ஸ் கிடந்தது. எத்தனை வருஷமாகத் தொடவில்லை? எனக்கு லென்ஸ் தேவையில்லை என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தவள்.

அந்தப் பதினொன்று. நாலில் கொப்புளம். ஐந்தில் வெளிறிய புள்ளிகள். அந்த இரண்டு ஓரத் தட்டுகளில் ஒன்றுமே இல்லை. பக்கத்திலிருந்த, எப்போதும் நாலு வாங்குகிற வகையிலும் ஒன்றுமே இல்லை. தெளிப்பு விழவேயில்லை.

அதோடு விட்டிருக்கலாம். உட்கார்ந்துவிட்டேன். அவருடைய தாளில் நாற்பது வரிசையைத் தேர்ந்து, லென்ஸ் வைத்துச் செடி செடியாகப் பார்த்தேன். நாற்பது வரிசைக்கு ஐந்து மணி நேரம். முப்பத்தேழில் அவர் எழுதியதுதான் சரி. இரண்டு எண் போட்ட வரிசைகளில் உண்மையிலேயே இரண்டு விதச் செடி. பொட்டலத்துக்கு ஒரு எண் கொடுத்தது நாம்தானே. உள்ளே ஒரு நிலத்தில் கலந்து வளர்ந்த கூட்டம் முழுசும் இருக்கிறது. இது எனக்குத் தெரியாதா? பாடமே எடுத்திருக்கிறேன். கட்டத்துக்குள் எண் போட்டுப் போட்டு மறந்துபோனேன்.

மூன்றில் அவர் தப்பு. அந்த மூன்றையும் கண்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சே. எவ்வளவு கேவலம்.

பிப்ரவரி 13, திங்கள்

கண் மருத்துவர் சின்னப் பெண். ஓர் அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். நான் கையை நீட்டினேன். "இன்னும் நீட்டணும்னா கை பத்தாது" என்றாள். நான் சிரிக்கவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?"

அவள் எதையோ எழுதிக்கொண்டாள். குறைந்தது இரண்டு வருஷமாக இருக்கலாமாம். நாற்பத்தைந்து வயதில் எல்லோருக்கும் வருவதுதானாம். எல்லோரும் ஓர் ஆளின் வேலையைத் தின்னவில்லையே.

பிப்ரவரி 14, செவ்வாய்

இயக்குநர்: "கோப்பு மேல போயிடுச்சே."

நான்: "திரும்ப வாங்குங்க சார். என் பேர்ல தப்பு."

"நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

"ஆமா. இப்ப அது தப்புன்னு எழுதிக் குடுக்கறேன்."

"அப்ப போன வருஷ அறிக்கை?"

அதுவும் தப்பு என்றேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இந்த மனிதருக்கு ஒரு கெட்ட செய்தி என்றால் அதைக் கொண்டுவந்தவர்மீதுதான் கோபம். இதில் அது நியாயமாகவும் போய்விட்டது. பேசாமல் கண்ணாடி மாட்டிக்கொண்டு அடுத்த பருவத்தில் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். நேற்று முழுக்க நானும் அதைத்தான் யோசித்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 16, வியாழன்

கலப்புப் பிரிவு. போன வருஷப் பட்டியலை நம்பி ஒரு மாதமாக ஒட்டுச் சேர்க்கை நடக்கிறது. பதினொன்றில் ஆறைத் தூக்கி எறிய வேண்டும். தலைவி சத்தம் போடவில்லை. இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "எவ்வளவு பூவை இந்தக் கையால பிரிச்சிருப்பேன் தெரியுமா" என்றார். தெரியும் என்றேன். "தெரியாது" என்றார்.

பிப்ரவரி 17, வெள்ளி

விதைக் கிடங்குக்குப் போனேன். அவர் தரையில் உட்கார்ந்து சாக்குகளுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் எழாமல் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

சொல்ல வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே கோத்து வைத்திருந்தேன். வந்தது மூன்று வாக்கியம்தான். "நீங்க போட்டது சரி. நான் பார்த்தது தப்பு. எழுதிக் குடுத்துட்டேன்" என்றேன்.

மார்க்கரை மூடிச் சாக்கின் மேல் வைத்தார். "அன்னைக்கு ஒரு தடவை என் தட்டுக்கிட்ட வந்து பார்த்திருந்தா போதும் மேடம். நீங்க உங்க இடத்துலயே நின்னு பார்த்தீங்க." பிறகு, "வீட்ல இன்னும் சொல்லல. மார்ச்சுக்கு அப்புறம் என்னன்னு தெரியாம என்னத்தச் சொல்றது" என்றார்.

பரவாயில்லை என்று அவர் சொல்லவேயில்லை. சொல்வார் என்று எதிர்பார்த்துப் போயிருக்கிறேன் என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

மூன்று இடத்தில் அவரும் தப்பு என்பதை நான் சொல்லவில்லை. முதல்முறையாக ஒரு நல்ல காரியம்.

மார்ச் 3, வெள்ளி

கோப்பு இன்னும் மேலேயே இருக்கிறது. மேலே என்றால் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

கண்ணாடி தலைவலி தருகிறது. படிக்கட்டு எல்லாம் மிதக்கிறது.

மார்ச் 9, வியாழன்

எல்லாவற்றையும் மறுபடி விதைத்து, தெளித்தாயிற்று. இந்தத் தடவை ஓரத் தட்டுகளை நடுவில் வைத்தேன். படிவத்தில் இன்னொரு கட்டம் சேர்க்கச் சொல்லிக் கணினிப் பிரிவில் கேட்டேன். அடுத்த நிதியாண்டில் பரிசீலிப்பார்களாம். ஒரு கட்டத்துக்கு! பேசாமல் ஒரு பெரிய நோட்டு வாங்கிக் கோடு போட்டுக்கொண்டேன்.

மார்ச் 22, புதன்

இன்று ஐம்பத்திரண்டு வரிசை. முதுகு போய்விட்டது. மூக்கில் பச்சை வாசனை. யாராவது பார்த்திருந்தால் எனக்கும் ஒரு பேர் வைத்திருப்பார்கள்.

வெளிறிய புள்ளி எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிலதில் வெறும் வெளுப்பு. சிலதில் நடுவில் கறுத்த ஒரு முனை. செடிகள் வேறு வேறு வழியில் தடுக்கின்றன போலிருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யார் இருக்கிறார்கள்?

மார்ச் 29, புதன்

கோப்பு கீழே வந்தது. நோயியல் பிரிவில் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்க இயலாது: "பிரிவுத் தலைவரின் முரண்பட்ட குறிப்புகள் காரணமாக." என் முதல் கடிதத்தையும் இரண்டாவதையும் ஒன்றாகக் குத்தி வைத்து, இரண்டையும் நம்பவில்லை.

படித்துவிட்டு நேராகக் கலப்புப் பிரிவுக்குப் போனேன். எப்படியாவது ஓர் இடம் பாருங்கள் என்று தலைவியிடம் கெஞ்ச. அவர் பூவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போன வாரமே கேட்டு வாங்கிட்டேன். ஒரு வருஷத்துக்கு. அந்தக் கண்ணை நீங்க வேண்டாம்னு சொன்னா நான் விட்டுடுவேனா?"

நிம்மதி. கூடவே எரிச்சல். எனக்கல்லவா வேண்டும் அவர்.

ஏப்ரல் 5, புதன்

புது ஏற்பாடு. நான் அனுப்புகிற எந்த வரிசையும், கலப்புப் பிரிவில் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒட்டுச் சேர்க்கைக்குப் போகும். தலைவியின் உத்தரவு. போன வாரம் இருபத்தாறு வரிசை அனுப்பினேன், செடி வாரியாகப் பிரித்து, நோட்டையும் சேர்த்து.

இன்று ஆறு திரும்பி வந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, அதே பொடி எழுத்து. 'இதில் ஒன்பதாவது செடியைப் பார்க்கவும்.' 'இது கொப்புளம்.' 'இதுவும்.' மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஆறையும் பார்த்தேன். நாலில் அவர் சொல்வது சரி. இரண்டில் சத்தியமாக நான்தான் சரி. அவர் பார்த்தது வெறும் தண்ணீர்க் கறை.

போனில் சொன்னேன். "இருக்காதே மேடம்" என்றார்.

நாளை காலை முதல் வேலையாக அந்த இரண்டு தட்டையும் தூக்கிக்கொண்டு அவர் மேசைக்குப் போகிறேன்.

மனிதருக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது.