வாளியோடு போன செவ்வாய்க்கிழமை

என் கண்ணு கிஸ்லான், இந்தக் கடுதாசி உன் கைக்கு வரும்போது நீ சாப்பிட்டிருக்கணும். சாப்பிடலேன்னா இதை மடிச்சு வெச்சுட்டு முதல்ல ஒரு வாய் சாப்பிட்டு வா, நான் எங்கேயும் ஓடிட மாட்டேன். உன் வாப்பாவும் நானும் அல்லாஹ் கிருபையால நல்லா இருக்கோம், நீயும் அந்தக் குளிர்ல சளி காய்ச்சல்னு இல்லாம சுகமா இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் கேட்டுக்கிட்டு இருக்கேன். போன் இருக்கும்போது எதுக்கு எழுதுறேன்னு கேப்பே. போன்ல நான் ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள நீ பத்து வார்த்தை குறுக்கே பேசிடுறே. என் முழங்காலைக் காரணம் காட்டி, கடைசி வருஷத்துல டாக்டர் படிப்பை விட்டுட்டு என்னைப் பாத்துக்க ஊருக்கு வந்துடுறேன்னு சொன்னியே, அன்னையில இருந்து எனக்குச் சோறு இறங்கலை. அதுக்குப் பதில் சொல்லணும், நீ வாயைத் திறக்காம கேக்கணும். அதான் பக்கத்து வீட்டு துரியா மகன் நீ இருக்கிற லியோனுக்கே பஸ்ல வர்றான்னு தெரிஞ்சதும் ஒரு டப்பா ஆலிவோட இதையும் குடுத்து விடுறேன்.

அறுப்புக்கூடத்துக்குப் பின்னால முள்ளு மண்டிக் கிடந்த மேடு ஞாபகம் இருக்கா, அங்கதான் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் சேத்து விளையாட்டு வளாகம் கட்டித் திறந்துட்டாங்க. நாலு பசங்க பந்து உதைக்க இவ்வளவு பெரிய கட்டடமான்னு உன் வாப்பா ஆறு மாசம் முனகினார். இப்ப அவரே சாயங்காலமானா அங்க போய் உக்காந்து, ஆடுற பசங்களுக்கெல்லாம் எப்படி ஆடணும்னு கத்திக்கிட்டு இருக்கார், யாரும் காதுல வாங்குறதில்லை. காபிக்கடைச் சுவருக்கு முட்டுக் குடுத்து நின்னவனுங்க பாதிப் பேரு அங்கதான் ஓடுறானுங்க. அங்க போற மினி பஸ் நம்ம தெரு வழியாப் போகுது, அதனால துரியாவோட ரொட்டிக்கடையில பத்து மணிக்கே எல்லாம் வித்துக் காலி. இதெல்லாம் சரி, எனக்கு என்ன வந்துச்சுன்னு கேளு. ஃபெஸ் பட்டணத்துல பாத்த டாக்டர், அம்மா நீங்க தண்ணியில நடங்க, கால்ல பாரம் விழாதுன்னு சொன்னாரில்ல, நான்கூட நான் என்ன வாத்தான்னு கேட்டேனே. அந்த வளாகத்துல நீச்சல் குளம் இருக்கு, செவ்வாய்க்கிழமை காலையில பொம்பளைங்களுக்கு மட்டும், ஆம்பளை ஒருத்தன் உள்ள எட்டிப் பாக்க முடியாது. உன் உம்மாவுக்கு இதைவிட என்ன வேணும்.

முதல் செவ்வாய்க்கிழமை இருபத்திமூணு பேர் போனோம். எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் நம்ம ஊர் ஹம்மாம்ல, அந்தச் சுடுதண்ணிப் பொதுக் குளியல்கூடத்துல குளிக்கிறதுதானே, அப்படியே கிளம்பிட்டோம். வாளி, முக்காலி, கறுப்பு சோப்பு, முதுகு தேய்க்கிற கையுறை, நடுவுல பசிச்சா உரிச்சுத் தின்ன ஆரஞ்சுப் பழம், எல்லாம் தூக்கிட்டு. குளத்துக்கு முன்னால வரிசையா குழாய் வெச்சிருக்காங்கடி, திறந்தா சுடுதண்ணி கொட்டுது, நிறுத்த ஆள் இல்லை. அவ்வளவுதான், அங்கேயே தரையில உக்காந்துட்டோம். ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்க்க, ஊர்க்கதை பேச, ரெண்டு மணி நேரம் போனதே தெரியலை, ஒருத்திகூட குளத்துல காலை நனைக்கலை. நான் வேற, சும்மா இருக்காம, மருதாணி கரைச்சுக் கொண்டுபோய் நாலு பேர் தலையில அப்பி விட்டேன். அதை அலசின தண்ணி, முடியும் ஆரஞ்சுத் தோலும் போய் வடிகாலை அடைச்சதால, வழிஞ்சு குளத்துக்குள்ள போயிடுச்சு. நீலமா இருந்த குளம் புதினா டீ மாதிரி ஆயிடுச்சு! நீச்சல் சொல்லித்தர வந்த பொண்ணு சிஹாம் பாவம், விசிலை வாயில வெச்சுக்கிட்டு ஊதக்கூடத் தோணாம நின்னா. மறுநாள் கதவுல காகிதம் ஒட்டிட்டாங்க, பொம்பளைங்க நேரம் இனிமே கிடையாதுன்னு.

இருபத்திரண்டு பேருக்கு அது பொழுதுபோக்கு, எனக்கு அது கால். கெடுத்ததும் நானே. ஊரே சிரிக்குது, உன் வாப்பா என்னைப் பாத்து மருதாணி ராணின்னு கூப்பிடுறார், நான் கதவைச் சாத்திட்டு அழுதேன். நாலு நாள் கழிச்சு வெக்கத்தை விட்டுட்டு மன்னிப்புக் கேக்கலாம்னு மேலாளர் அன்வாரைப் பாக்கப் போனேன். முப்பது வயசுப் பையன், கழுத்துல டை, மேசைக்குப் பக்கத்துல அன்னைக்கு நாங்க விட்டுட்டு வந்த வாளி, முக்காலி எல்லாம் சாட்சி மாதிரி அடுக்கி வெச்சிருக்கான். இது நீச்சல் குளமா சலவைத்துறையா, பெத்தவங்க வீட்டுல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்களான்னு பொரிஞ்சு தள்ளுறான். நான் தலையைக் குனிஞ்சு நிக்கிறேன். அப்ப கதவைத் திறந்துக்கிட்டு ஒரு அம்மா உள்ள வந்தாங்க, யாருன்னு பாத்தா அன்னைக்கு என் முதுகு தேய்ச்ச ராக்கியா. நேரா அந்தக் குவியல்கிட்ட போய், டேய் அன்வார், அந்தப் பித்தளைக் கிண்ணம் என்னோடதுடா, நாலு நாளா தேடிக்கிட்டு இருக்கேன், எடுன்னாங்க. அவனைப் பெத்த தாய்! அவன் மூஞ்சியைப் பாக்கணுமே. எனக்குச் சிரிக்கவும் பயம், சிரிக்காம இருக்கவும் முடியலை. ராக்கியாவே சொன்னாங்க, தப்பு எங்களோடதுதான், கழுவியும் நாங்களே குடுக்குறோம், ஆனா எங்களை வெளிய தள்ளாதேன்னு. அடுத்த செவ்வாய் அதே இருபத்திமூணு பேரும் அதே வாளியோட போய் வடிகால்ல இருந்து ஓடு வரைக்கும் தேய்ச்சோம், பெருநாளைக்கு வீடு கழுவுற மாதிரி. அப்புறம் ஒரு ஏற்பாடு. திங்கக்கிழமை ஹம்மாம்ல நல்லாக் குளிச்சுட்டு வரணும், செவ்வாய்க்கிழமை அங்க மூணு நிமிஷக் குழாய் மட்டும், தலையில தொப்பி, கையில ஒண்ணும் கூடாது. வாசல்ல ராக்கியாவே நின்னு பையைத் தடவிப் பாக்குறாங்க. திங்கக்கிழமை ஈயோட்டிக்கிட்டு இருந்த ஹம்மாம்ல இப்ப இடம் கிடைக்கலை.

நாலு மாசமா ஒரு செவ்வாய் தப்பாம போறேன். முதல் நாள் மார்பளவு தண்ணியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு யா ரப்பீ யா ரப்பீன்னு அல்லாஹ்வைக் கூப்பிட்டுக் கத்தினேன், சிஹாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, உம்மா, மீன் ஏதாவது கத்துதா பாருங்கன்னா. இப்ப கம்பி இல்லாம அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் இருபது தடவை நடக்குறேன். படி ஏறும்போது இன்னும் வலிக்குது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா போன வெள்ளிக்கிழமை நடந்ததை உன்கிட்ட சொல்லாம என்னால இருக்க முடியாது. நாலு வருஷமா நீ வாங்கிக் குடுத்த அந்த நீல நாற்காலியில உக்காந்துதானே தொழுதேன், சஜ்தாவுல நெத்தி தரையைத் தொடாம, காத்துலயே குனிஞ்சு. அன்னைக்கு நாற்காலியை ஓரமாத் தள்ளிட்டு விரிப்புல நின்னேன். மெதுவா மண்டி போட்டேன். முட்டி முனகிச்சு, ஆனா தாங்கிச்சு. நெத்தி விரிப்புல பட்டுச்சு கிஸ்லான். அந்தக் கம்பளி வாசனை மூக்குல ஏறினதும் கேக்க இருந்த எல்லா துஆவும் மறந்துபோச்சு, உன் பேர் மட்டும்தான் வாயில வந்துச்சு. ரொம்ப நேரமா எந்திரிக்காததைப் பாத்து உன் வாப்பா பயந்து, என்னாச்சுடின்னு ஓடி வந்தார். ஒண்ணும் ஆகலை, இங்கேயே கொஞ்ச நேரம் இருக்கேன்னு சொன்னேன், மனுஷன் அப்படியே பக்கத்துல உக்காந்து அழுதுட்டார்.

அதனால என்னைத் தூக்கிவிடன்னு நீ வர வேண்டாம். படிச்சு முடி, அந்த வெள்ளைக் கோட்டைப் போடு, ஒரு போட்டோ அனுப்பு. கோடை லீவுல வா, செவ்வாய்க்கிழமை உன்னைக் கூட்டிட்டுப் போறேன், நீ எனக்கு நடக்கக் கையைக் குடுக்க வேண்டாம், நான் உனக்குத் தண்ணியில குடுக்குறேன். அல்லாஹ் உன் வழியை விசாலமாக்கட்டும், உன் கண்ணுல நல்லதையே காட்டட்டும். வரும்போது பெரிய தலைக்கு ஏத்த நீச்சல் தொப்பி ஒண்ணு வாங்கிட்டு வா, இங்க விக்கிறது எல்லாம் கிழியுது. அந்த நாற்காலியைத் தேடாதே, உன் வாப்பா அதைத் தூக்கிட்டுப் போய் மைதானத்து ஓரமாப் போட்டு உக்காந்துட்டார்.

உன்னைப் பெத்த,
உம்மா ஃபதூமா